சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்ல கப்பல் பார்க்க ஸ்கோப் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

680 வெள்ளி போச்சு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

அப்பா துறைமுகத்தில் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈஸ்ட் கோஸ்ட் கரையில் உட்கார்ந்து, எதிரே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களின் பெயரைப் படிக்கணும், புகைபோக்கிச் சின்னத்தை வைத்து எந்தக் கம்பெனி என்று சொல்லணும். அவ்வளவுதான் அவர் ஆசை. வானம் பார்க்கிற டெலஸ்கோப் இதற்குச் சரிப்படாது, பிம்பம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். அதனால் தூரத்தில் இருப்பதை நேராகவே காட்டுகிற ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் கேட்டேன்: 20-60 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, முகப்பு லென்ஸ் 80 மி.மீ., தண்ணீர் புகாதது.

நகர மையத்தில் ஒரு பழைய கடைத்தொகுதி, வரிசையாகக் கேமரா கடைகள். "வாங்கண்ணே"ன்னு தமிழிலேயே ஆரம்பித்தான் அந்தத் தம்பி. அப்பாவுக்கு என்றதும் குரலே குழைந்துவிட்டது. "எங்கப்பாவும் கப்பல் பட்டறைலதாண்ணே, செம்பவாங்ல. பெரியவருக்குன்னா நல்லதைத்தான் குடுப்பேன்." மேசையில் இருந்த ஸ்கோப்பைத் திருப்பிக் காட்டினான், நடைபாதைக் கோடியில் இருந்த நகைக்கடையின் விலைச்சீட்டு வரை படிக்க முடிந்தது. உள்ளே பனி படராமல் இருக்க நைட்ரஜன் அடைத்திருக்காம், மழையில் வைத்தாலும் ஒன்றும் ஆகாதாம். 750 சொன்னவன் "அப்பாவுக்காக" 680க்கு இறங்கினான். நெஞ்சு எரியறது அந்த "அப்பாவுக்காக"வுக்குத்தான். போனிலேயே பேநவ்வில் பணம் கட்டினேன், சீல் போட்ட பெட்டி ஒன்றை உள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான்.

கரையில் வைத்தால் 40 மடங்கைத் தாண்டியதும் படம் மங்கி இருட்டிவிட்டது. மத்தியான வெயிலில் கடல்மேல் காற்று நெளியும், அப்போது எந்த ஸ்கோப்பும் திணறும், ஒத்துக்கறேன். இது காலை ஏழரை மணி!

வீட்டில் வந்து அளந்தேன். 20 மடங்கில் வைத்து சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு, கண்வில்லையை ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் அதில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மடங்கால் பெருக்கினால் லென்ஸில் உண்மையில் வேலை செய்கிற அளவு வந்துவிடும். 80 என்றால் 4 மி.மீ. இருக்கணும். இருந்தது இரண்டரை. அப்படியென்றால் வெறும் 50! டார்ச் அடித்தேன், குழாய்க்குள் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம், லென்ஸின் ஓரத்து வெளிச்சத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு. போதாததற்கு உள்கண்ணாடியில் பனி வேறு படர்ந்திருந்தது. நைட்ரஜனாம்.

கடைக்குப் போனேன். "அண்ணே" காணாமல் போய் "சார்" ஆகியிருந்தது. மேனேஜர் லீவு. அடுத்த தடவை, "கடல் காத்துக்குக் கொண்டுபோனா அப்படித்தான் சார்." கடலுக்குத்தானேய்யா வாங்கினேன்! பெட்டியைத் திறந்தாச்சாம், திருப்பி வாங்க மாட்டாங்களாம். வளையத்தைக் காட்டினால், "கம்பெனி டிசைன் சார், அவங்களைத்தான் கேக்கணும்." வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் பெரிய மனசு பண்ணி பணத்துக்குப் பதிலாக 150 வெள்ளி விலையுள்ள கேமரா பை ஒன்றை எடுத்துக்கச் சொன்னார்கள். 680 வெள்ளிக்கு ஒரு பை!

2012இலிருந்து இங்கே சட்டம் இருக்கு: பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று கடைக்காரன்தான் நிரூபிக்கணும். இதைச் சொன்னதற்குச் சிரித்தான். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு விண்ணப்பம் போட்டாச்சு, அங்கே வந்து சிரிக்கட்டும்.

விவரமா எழுத இப்போ மனசு இல்லை. காட்டின ஸ்கோப்பையே கேளுங்க, இல்லைன்னா உங்களுக்குத் தர்ற பெட்டியை அங்கேயே பிரிச்சு, வெளிச்ச வட்டத்தை அளந்துட்டுக் காசு கொடுங்க. நூறு மடங்கு, இருநூறு மடங்குன்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க. ஏர்கான் கடைக்குள்ள எல்லா ஸ்கோப்பும் நல்லாத்தான் தெரியும். "தண்ணீர் புகாது", "80 மி.மீ."ன்னு வாயால சொல்றதை ரசீதுல எழுதி வாங்குங்க, என் ரசீதுல "ஸ்கோப் 1, 680 வெள்ளி"ன்னு மட்டும்தான் இருக்கு.