கரினா நெபுலாவும் கண்ணாடியில் படிந்த ஈரமும்: மூன்று ஆண்டு அனுபவம்

நெபுலாக்களை, அதாவது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகங்களை, படமெடுக்க நான் வைத்திருக்கும் கேமரா சென்ற வாரம் பழுதுபார்ப்பிலிருந்து திரும்பி வந்தது. அதே வாரத்தில் தொண்டியிலிருந்து நண்பர் ஒருவர், "அண்ணே, நீங்க வச்சிருக்கிற கேமரா விலை இறங்கியிருக்கு. நம்ம பக்கம் நெபுலா எடுக்க வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனதால் இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ள, குளிரூட்டும் வசதி கொண்ட வண்ணக் கேமரா இது. 3008-க்கு 3008 பிக்சல் கொண்ட சதுரப் படம், 14 பிட். அந்தச் சென்சாரைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. நீண்ட எக்ஸ்போஷரில் பல கேமராக்களின் மூலையில் தோன்றும் வெளிச்சப் பூச்சு இதில் வருவதில்லை. டார்க் ஃபிரேம்கள், அதாவது சென்சாரின் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடி போட்டு எடுக்கும் படங்கள், அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன. 250 மி.மீ. குவியத் தொலைவுள்ள சிறிய தொலைநோக்கியில் பொருத்தினால் வானத்தில் இரண்டரை டிகிரிப் பரப்பு ஒரே படத்தில் அடங்கும். கரினா நெபுலாவுக்குத் தேவையானதும் அந்த அளவுதான்.

மூக்கையூர்ப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடாவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கரினா, உச்சத்துக்கு வரும்போது கடலுக்கு மேல் 21 டிகிரி உயரத்தில் நிற்கும். டெல்லியில் இருப்பவருக்கு அது அடிவானத்திலிருந்து 2 டிகிரிகூட எழாது. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1751-52-இல் இதைப் பதிவு செய்ததே ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற பிறகுதான். அப்படிப்பட்ட ஒன்று நம் வீட்டு மாடியிலிருந்து ஓர் இரவில் ஐந்து மணி நேரம் 15 டிகிரிக்கு மேல் கிடைக்கிறது என்பதை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. கடன் வாங்கிக் கேமரா வாங்கியதும் அதற்காகத்தான்.

முதல் ஆண்டு மார்ச்சில் மூன்று நிமிட எக்ஸ்போஷராக நாற்பது படங்கள் எடுத்து, வானப் படங்களைச் செப்பனிடும் சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். நெபுலாவின் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியையும் (ஹைட்ரஜன்-ஆல்பா) ஆக்சிஜன் உமிழும் நீலப்பச்சை ஒளியையும் (ஆக்சிஜன்-3) மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டிருந்ததால், சிரிலில் அவ்விரண்டையும் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக்கொண்டேன். மங்கிய பகுதிகள் தெரியும்படி ஆக்சிஜன் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி ஸ்ட்ரெட்ச் செய்தபோது, சாவித்துளை எனப்படும் கரிய பகுதிக்கு மேற்கே, அவரை விதை வடிவில் மங்கிய இருட்டு ஒன்று தெரிந்தது. கரினாவில் தூசு மேகங்களுக்குக் குறைவில்லை. நெபுலாவை வெட்டிச் செல்லும் கரிய பட்டைகள்தாம் அதன் அழகே. ஆகவே இதுவும் அவற்றுள் ஒன்று என்றே நம்பினேன். அதன் விளிம்பு துலங்க வேண்டும் என்று இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஸ்ட்ரெட்ச் வளைகோட்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

அடுத்த முறை எடுத்தபோது நெபுலா உச்சத்தைக் கடந்தது. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் மவுண்ட் மறுபக்கம் திரும்பியதும் படமும் 180 டிகிரி திரும்பியது. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தேன். திரும்புவதற்கு முந்தைய படங்களில் சாவித்துளைக்கு மேற்கே இருந்த அவரை விதை, பிந்தைய படங்களில் கிழக்கே இருந்தது. பொருத்தாத மூலப் படங்களை வரிசையாக ஓட்டியபோது நட்சத்திரங்கள் இடம் மாறின. அது மட்டும் சென்சாரில் அதே பிக்சல்களில் உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு இரவுகள் மெருகேற்றியது நெபுலாவின் தூசு மேகம் அன்று. என் கேமராவுக்குள் புகுந்த எங்கள் கடலின் ஈரம்.

ஃப்ளாட் ஃபிரேம் எடுத்தால் எந்தக் கறையும் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். ஃப்ளாட் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஒளிபுகும் வழியில் எந்தப் பிக்சலுக்கு எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பதைத் தனியாகப் படமெடுத்து, அதனால் மூலப் படத்தை வகுக்கிறோம். தூசு ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் வரை இந்தக் கணக்கு பொய்க்காது. சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியில் படியும் ஈரமோ இரவு பத்து மணிக்கு ஓர் அளவிலும் விடியற்காலை நான்கு மணிக்கு வேறோர் அளவிலும் இருக்கும். விடியலில், தொலைநோக்கி வாயில் இரண்டாக மடித்த வெள்ளை வேட்டியைக் கட்டி நான் ஃப்ளாட் எடுத்தபோது கறை பெரிதாகியிருந்தது. அந்த ஃப்ளாட்டால் முன்னிரவுப் படங்களை வகுத்ததும், கறை இல்லாத இடங்களில்கூட வெளிறிய வளையம் எழுந்தது. அதைப் பின்னணி நீக்கக் கருவியால் மழிக்கப் போனால் நெபுலாவின் மெல்லிய ஓரங்களும் சேர்ந்தே போயின. பின்னணி எது என்று அந்தக் கருவிக்குக் காட்டும் மாதிரிப் புள்ளிகளை வெற்று வானத்தில்தான் வைக்க வேண்டும். கரினா நிறைந்த படத்தில் வெற்று வானத்துக்கு எங்கே போவது?

காரணம் எளியது. இங்கே கோடை இரவில் பனிநிலை வெப்பம், அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை எட்டும். இரைச்சலைக் குறைக்க நான் சென்சாரை மைனஸ் 5 வரை குளிரவைத்தேன். அந்த 29 டிகிரி இடைவெளியைத் தாங்குவதெல்லாம் உள்ளே இருக்கும் நான்கு சிறிய ஈரமுறிஞ்சி வில்லைகளும் ஒரு ரப்பர் வளையமும்தான். அடுப்படியில் கல்லுப்புச் சாடி நீர் கசியத் தொடங்கினால் அன்றிரவு கேமராவில் கறை உறுதி என்பதை இரண்டாம் ஆண்டில் என் அம்மாவே சொல்லிவிடுவார். வில்லைகள் இருக்கும் அறையின் மூடித் திருகை ஒருநாள் திறக்கப் போனேன். அதன் தலையில் துரு ஏறி ஆலன் சாவி வழுக்கியது. சுற்றியிருந்த கறுப்பு அலுமினியத்தில் உப்புப் பட்டு வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கேமராவை அனுப்பினேன். கடற்கரை ஈரத்தால் வந்த கோளாறு உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். பணம் கட்டி, ஆறு வாரம் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் மேகமில்லாத பிப்ரவரி, மார்ச். நெபுலா நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்கு வரும் காலம் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. குளிரூட்டும் கருவியை ஈரம் மிகுந்த நாட்டில் விற்பவர் துருப்பிடிக்காத ஒரு திருகையாவது போட்டிருக்கலாம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தவற்றில் என் பங்கும் உண்டு. மைனஸ் 5 எனக்குத் தேவையே இல்லை. இப்போது 10 டிகிரியில் நிறுத்துகிறேன். அதே வெப்பநிலையில் புதிதாக டார்க் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுக்கிய படத்தில் இரைச்சல் கூடியதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஃப்ளாட்டும் இரவுக்கு இரண்டு தொகுதி: மவுண்ட் திரும்பும் வேளையில் ஒன்று, முடியும்போது குளிரூட்டியை அணைக்கும் முன் ஒன்று. சிரிலில் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகத் திருத்தி, கடைசியில் ஒன்றாக அடுக்குகிறேன். வேலை இரட்டிப்பாகிறது, ஆனால் கறை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஈரமுறிஞ்சியை நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மறவாதீர்கள்: ஈரம் பட்டால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் சிலிக்கா மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது நஞ்சு; சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது.

திரும்பி வந்த கேமராவில் மூன்று நாள் முன்பு இரண்டு மணி நேரப் படங்களை அடுக்கினேன். சாவித்துளைக்கு மேற்கே ஆக்சிஜன் ஒளி சீராகப் பரவியிருந்தது. அவரை விதை இல்லை. அந்த இடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்தேன். மெல்லிய இழைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நனைந்த வலையை விரித்துப் பிடித்ததுபோல.

தொண்டி நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருப்பவருக்கு, எவ்வளவு விலை இறங்கினாலும், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிரூட்டி இல்லாத பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, கூடுதலாகப் படங்களை எடுத்து அடுக்குங்கள். நான்கு மடங்கு படங்கள் சேர்ந்தால் இரைச்சல் பாதியாகும். என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டால், தர மாட்டேன்.

பக்கத்து வீட்டு விசைப்படகுக்காரர் நேற்று, "தம்பி, தடைக்காலம் வரட்டும், உங்க கடல் இருட்டாக் கெடக்கும்" என்றார். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளின் விளக்குகள் தென்கடலில் இருக்காது. ஏப்ரல் நடுவில் கரினா இரவு ஒன்பதரை மணிக்குள்ளாகவே உச்சத்துக்கு வந்துவிடும். அந்த அமாவாசைக்கு நண்பர் தன் டிஎஸ்எல்ஆருடன் எங்கள் மாடிக்கு வரட்டும். இரண்டு கேமராவையும் ஒரே இரவில் ஒரே நெபுலாவை நோக்கி வைத்து, இரண்டு படங்களையும் சிரிலில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்ப்போம்.