தூக்கம் அளக்கும் பட்டை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

அரை மாதச் சம்பளம் போச்சு. கையில் கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் எப்படி என்று காலையில் சொல்லிவிடும் என்று விற்கிறார்களே, அந்தப் பட்டைக்குத்தான் கொடுத்தேன். பேர் வேண்டாம், உடல்நலக் கருவிகள் மட்டும் விற்கிற இணையக் கடை என்பதோடு விடுகிறேன், வக்கீல் நோட்டீஸ் வாங்க இப்போது தெம்பில்லை. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னை நம்ப வைத்தது சாட்டில் வந்த பெண்தான். எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், நடுவில் முழிப்பு வருமா, காலையில் தலை பாரமாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவனிடம் யாராவது இவ்வளவு பொறுமையாகக் கேட்டால் மனசு இளகாதா? "ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க ஒயர் மாட்டி எடுக்கிற டெஸ்ட்ல வர்ற அதே ரிசல்ட் சார், வீட்டுலயே" என்றார். அந்த நிமிஷமே பணத்தைக் கட்டினேன்.

அதே ரிசல்ட்டாம்! அந்த டெஸ்டில் மூளை அலை, கண் அசைவு, தசை இறுக்கம், மூச்சு எல்லாம் பதிவாகும். அதை 30 நொடித் துண்டுகளாக வைத்துப் பார்த்துத்தான் ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று முடிவு செய்கிறார்கள். பட்டையில் இருப்பதோ அசைவை உணரும் சென்சாரும், தோலில் பச்சை வெளிச்சம் அடித்து நாடி பார்க்கும் சென்சாரும்தான். மீதி எல்லாம் கணிப்பு. அசையாமல் கிடந்தாலே தூக்கம் என்று எழுதிவிடுகிறது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு முழித்துக் கிடந்த ராத்திரிக்கு எனக்கு 'நல்ல உறக்கம், 86' என்று மார்க். சந்தேகப்பட்டுக் கழற்றி, சுருட்டிய துண்டில் மாட்டி வைத்தேன். துண்டுக்கும் நாடி ஓடியது.

புகார் சொன்னால், ஆப்பை அப்டேட் செய்யுங்கள் என்றார்கள். செய்தேன். இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்றார்கள். மணிக்கட்டில் தடிப்பு வந்ததுதான் மிச்சம். அப்புறம் சொன்னதுதான் உச்சம்: "பட்டை உங்களைப் பழக 14 நாள் ஆகும் சார், பொறுத்துக்கங்க." சரி என்று பொறுத்தேன். அது முடிந்து கேட்டால், திருப்பி அனுப்ப 10 நாள்தான் கெடு, தாண்டிவிட்டது என்கிறார்கள். அந்த 14-ஐச் சொன்னதும் அவர்கள், இந்த 10-ஐப் போட்டதும் அவர்கள். அரை மாதச் சம்பளத்தை வாய்தா வாங்கியே சாப்பிட்டுவிட்டார்கள்.

'அதே ரிசல்ட்' என்றீர்களே என்றால், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள் என்று பதில். பொடி எழுத்தில் 'இது மருத்துவக் கருவி அல்ல' என்று இருக்கிறது. சாட்டில் பேசிய பெண் 'வேற டீம்' ஆம். போதாக்குறைக்கு, தூக்க நிலை விவரம் இந்த வாரம் பூட்டிக்கொண்டது. மாதச் சந்தா கட்டினால்தான் திறக்குமாம். அரை மாதச் சம்பளத்துக்கு மேலே இன்னும் சந்தா!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. பட்டை பழக எத்தனை நாள், திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்று இரண்டையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சந்தா உண்டா என்று கேளுங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மூடியதும் என்னுடையது அழிந்துவிட்டது. குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுகிறவர்கள் எந்தப் பட்டையையும் நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

கார்டில் கட்டிய பணத்தை பேங்கில் புகார் கொடுத்து யாராவது திரும்ப வாங்கியிருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலை அங்கேதான் போகிறேன்.