டூரிஸ்டாக இறங்கி டீச்சர் ஆகலாம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, மாதம் 80,000 ரூபாய், "இன்னும் எத்தனை நாள் ஐடி அடிமையாக இருப்பீர்கள்?" என்று சென்னையில் ஒரு ஏஜென்சி இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் பணம் கட்டி, ஓ.எம்.ஆரில் பார்த்த வேலையை விட்டு, அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தவன் எழுதுகிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம். போடவில்லை. போட்டாலும் பயனில்லை, போர்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஏமாற்றும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சப்போர்ட் புராஜெக்டில் மூன்று நான்கு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவர்கள், அப்ரைசலில் நொந்துபோனவர்கள், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள். கவுன்சிலிங் என்று கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கம் எழுதுவார்கள். இடது பக்கம் நம் சம்பளம்: அதில் பிஎஃப், வரி, வாடகை, சாப்பாடு எல்லாம் கழிக்கப்படும். வலது பக்கம் 32,000 பாட், ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய், ஆக 80,000. அந்தப் பக்கம் எதுவுமே கழியாது! அங்கேயும் வாடகை உண்டு, அட்வான்ஸ் உண்டு. பல பள்ளிகளில் ஒப்பந்தமே பத்து மாதம்தான்; மார்ச் ஏப்ரல் விடுமுறையில் கையில் காசு வராது. கம்பெனி நம் பிஎஃப்புக்குப் போடும் பங்கு, கிராஜுட்டி, இன்ஷூரன்ஸ் எதுவும் அந்தத் தாளில் வராது.

அந்த 32,000-மே நமக்கான சம்பளம் இல்லை. தாய்லாந்து ஆசிரியர் வேலை விளம்பரங்களில் என்இஎஸ், என்என்இஎஸ் என்று இரண்டு வகை போட்டிருக்கும். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முதல் வகை. நாம், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாம் இரண்டாவது வகை. நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வகை மாறாது, சம்பளம் பெரும்பாலும் கணிசமாகக் குறைவு. இந்த ஏஜென்சி காட்டிய விளம்பரங்கள் அத்தனையும் முதல் வகைக்கு உரியவை. சுவரில் கொரியப் படம் வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். கொரியாவின் இ-2 ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கானது. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்குத் துணை ஆசிரியராகப் போக ஒரு சின்ன வழி இருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினியரிங் முடித்த எனக்கு அந்தப் படத்தை ஏன் காட்டினார்கள் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

கட்டணம் மொத்தம் 1,65,000 ரூபாய். அதில் 45,000 டெஃபல் என்கிற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிச் சான்றிதழுக்கு. 120 மணி நேர ஆன்லைன் பயிற்சி என்றார்கள். வீடியோ பார்த்து வினாடி வினா முடித்தால் பிடிஎஃப் வந்துவிடும். இதே மாதிரிச் சான்றிதழை நேரடியாக இணையத்தில் சில ஆயிரத்துக்கு வாங்கலாம். கேம்பிரிட்ஜின் செல்டா மாதிரிப் படிப்பு என்றால் உண்மையான மாணவர்கள் முன்னால் குறைந்தது ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், ஒருவர் உட்கார்ந்து மதிப்பிடுவார். இதில் அப்படி எதுவும் கிடையாது. மீதிப் பணத்துக்கு "பிஎஃப்பை எடுத்துக் கட்டுங்க தம்பி, அங்க போய் ரெண்டு மாசத்துல சம்பாதிச்சிடலாம்" என்று கவுன்சிலிங் செய்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் பிஎஃப் எடுத்தால் வரி விழும் என்பதைச் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆஃபர் லெட்டர் கொடுத்தார்கள், பள்ளியின் பெயரோடு, முத்திரையோடு. அதைக் காட்டித்தான் பேப்பர் போட்டேன், தொண்ணூறு நாள் நோட்டீஸும் முடித்தேன். நோட்டீஸ் முடிகிற வாரத்தில் விசா எங்கே என்று கேட்டால், "டூரிஸ்டா போய் இறங்குங்க, இந்தியனுக்கு இப்ப விசாவே வேண்டாம், அங்க போய் மாத்திக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்கிறார்கள்.

உண்மையான பள்ளி இப்படிச் சொல்லாது. முறைப்படி எடுக்கும் பள்ளி தன் பதிவுச் சான்று, ஒப்பந்தம், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் முதலில் அனுப்பும். அதை வைத்துத் தாய்லாந்து தூதரகத்தில் நான்-பி என்கிற வேலை விசா வாங்க வேண்டும். அங்கே போனபின் வொர்க் பெர்மிட், குருசபா என்கிற ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி. டிகிரி கட்டாயம், போலீஸ் சான்று கேட்பார்கள், நம்மைப் போன்ற இரண்டாம் வகைக்கு டோய்க்கில் 600 போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள். என்னிடம் டோய்க் எழுதச் சொல்லி ஏஜென்சி ஒரு வார்த்தை பேசவில்லை. இதிலேயே தெரிகிறது, எனக்கு வொர்க் பெர்மிட் எடுக்கிற எண்ணம் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை. சுற்றுலாவாக வந்தவரின் விசாவை உள்ளேயே மாற்றச் சில நேரம் வழி உண்டுதான். ஆனால் பெர்மிட் கைக்கு வரும்வரை வகுப்பில் நின்றால் அது சட்ட விரோதம். மாட்டினால் நமக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல்.

ஆஃபர் லெட்டரில் இருந்தது பாங்காக் பள்ளி. கொண்டுபோய் விட்டது பல மணி நேரம் தள்ளி, வடகிழக்கே இசான் பக்கம் ஒரு சிறு நகரத்தில். வார நாளில் மழலையர் வகுப்பு, சனி ஞாயிறு அதே முதலாளியின் டியூஷன் சென்டர். சம்பளம் 18,000 பாட், அதிலும் முதல் மாதம் "டாக்குமெண்ட் செலவு" என்று பாதி பிடித்தார்கள். பிள்ளைகள் தங்கமானவர்கள், வேலையும் எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் டீச்சர் இருந்தார். முறைப்படி வந்தவர். ஒருநாள் "உங்க நீலப் புத்தகம் வந்துவிட்டதா?" என்று கேட்டார். வொர்க் பெர்மிட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என்னிடம் இல்லை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. மேலே நான் எழுதிய நடைமுறை முக்கால்வாசி அவர் சொல்லிக் கொடுத்தது. அதற்கப்புறம் ஒருமுறை யாரோ அதிகாரிகள் வருகிறார்கள் என்று என்னைச் சமையலறைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். அதில் "பயிற்சி மற்றும் வழிகாட்டல் கட்டணம்" என்றுதான் இருக்கிறது, வேலை என்ற சொல்லே இல்லை. காரணம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும், பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இவர்கள் கல்வி ஆலோசனை நிறுவனம் என்ற போர்வையில் ஐந்து மடங்குக்கு மேல் வாங்குகிறார்கள். பதிவு உண்டா இல்லையா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

எனக்கு நடந்தது லேசான வகை. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது: ஐடி தெரிந்த இளைஞர்களைத் தாய்லாந்து வேலை என்று அழைத்து, எல்லை தாண்டி மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். வேலைக்காக டூரிஸ்ட் விசாவில் கிளம்பும் முன் முதலாளியையும் ஏஜென்டையும் பற்றி விசாரித்துச் சரிபாருங்கள் என்று அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது.

இப்போது மறுபடி இன்டர்வியூ போகிறேன். எச்ஆர் முதலில் கேட்பது இடைவெளியைப் பற்றி. பெர்மிட் இல்லாமல் பார்த்த வேலைக்கு அனுபவச் சான்றிதழ் கிடையாது, அதனால் ரெஸ்யூமேயில் அந்தக் காலம் வெற்றிடம். பழைய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். ஐடியை விட்டு ஆசிரியராகப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்-பி விசா கைக்கு வரும்வரை கம்பெனியில் பேப்பர் போடாதீர்கள். விசா தாமதமானால் தாமதமாகட்டும், நல்ல பள்ளி காத்திருக்கும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸாப் உரையாடல், ஆஃபர் லெட்டர் எதையும் அழிக்காதீர்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் இரண்டிலும் கொடுத்திருக்கிறேன். என்னோடு போன பேட்சில் இன்னும் நான்கு பேருக்கு இதே கதை. அவர்களில் இருவர் வீட்டில் சொல்லப் பயந்து புகார் கொடுக்காமல் இருக்கிறார்கள். இந்தப் பதிவைப் பார்த்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே போகலாம்.