காதிரைச்சல் தரும் பதற்றத்துக்கு எது கைகொடுக்கிறது: காதுக் கருவி, சிபிடி, ஹிப்னோதெரபி

சேலம் அம்மாப்பேட்டையில் 20 ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறிக் கூடத்தில் நின்றவன் நான். தறியை விட்ட பிறகும் இரண்டு காதுகளிலும் ‘கீ’ என்ற ஒலி ஓயவில்லை. அந்த ஒலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது இன்னும் கூடுமோ, காதே போய்விடுமோ, இன்று இரவும் தூக்கம் கெடுமோ என்ற பதற்றம்தான் என்னை உருக்குலைத்தது. அமைதியான இடத்தில் இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பி ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்ட வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். மலையின் நிசப்தத்தில் இரைச்சல் இரட்டிப்பாகக் கேட்டது. வெளி ஒலி குறையும்போது மூளை உள்ளே இருப்பதைத் துருவிக் கேட்கிறது என்பது பின்னர்தான் விளங்கியது. 1953இல் வெளியான ஹெல்லர், பெர்க்மன் ஆய்வில், காது நன்றாகக் கேட்பவர்களை ஒலி புகாத அறையில் அமர்த்தியபோது, 10 பேரில் 9 பேருக்கும் மேல் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று ஆடியோகிராம் எனப்படும் கேட்கும் திறன் சோதனையை எடுத்துவிட வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, அது நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் அன்றே ஓட வேண்டும்.

காதுக் கருவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது பகலில் பெரிய உதவி. சுற்றுப்புற ஒலிகள் திரும்பி வருவதால் இரைச்சல் பின்னுக்குப் போகிறது. நானும் அணிகிறேன். ஆனால் படுக்கும்போது கழற்றி வைத்துவிட வேண்டியிருக்கிறது. பதற்றம் பிடிப்பதோ அப்போதுதான்.

சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் மருத்துவச் சான்று வலுவாக இருக்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரைச்சலால் நீண்ட நாளாக அவதிப்படுவோருக்கு அதைப் பரிந்துரைக்கிறது. ‘காது போய்விடும்’ என்ற எண்ணம் எழும்போது அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். நான் நான்கு அமர்வுகள் மட்டுமே சென்றேன் என்பதால் அதற்கு முழு மதிப்பெண் இட எனக்குத் தகுதியில்லை. பகலில் அது பயன்பட்டது. இரவு 2 மணிக்கு விழித்து என் எண்ணத்தோடு நானே வாதாடத் தொடங்கினால், வாதத்தில் வென்றாலும் தூக்கம் போய்விட்டது.

உடலைத் தளர்த்தி, மனத்தை ஒரே கற்பனையில் குவிக்கப் பழக்கும் ஹிப்னோதெரபியை நான் தயக்கத்தோடுதான் அணுகினேன். மனோவசியம், மெஸ்மரிசம் என்று கேட்டு வளர்ந்த தயக்கம் அது. உண்மையில் அங்கே யாரும் யாரையும் வசியம் செய்வதில்லை. 1840களில் ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் பரப்பிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே, இது தூக்கம் அல்ல, ஒரே கருத்தில் மனம் குவிவது என்று உணர்ந்து பின்னாளில் பெயரை மாற்ற முயன்றார். இரைச்சல்காரர்களுக்கு இது முக்கியமான செய்தி. நம் துன்பத்தில் பாதி, கவனம் அந்த ஒலியிலேயே ஒட்டிக்கொள்வதால் வருவது.

மனத்தை அப்படிக் குவிக்க, அமர்வில் வழக்கமாகப் படிக்கட்டில் இறங்குவதுபோல் கற்பனை செய்யச் சொல்வார்கள். எனக்குப் படிக்கட்டு மனத்தில் நிற்கவில்லை. “உங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிற பாதை எது?” என்று உளவியலாளர் கேட்டார். ஏற்காடு மலைப்பாதை என்றேன். அன்று முதல் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 20இலிருந்து 1 வரை இறங்குகிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு நீண்ட மூச்சு, உடலில் ஓர் இடம் தளர்வது. மேலே சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, குளிர் காற்று; கீழே வர வரக் கை கால்களில் வெதுவெதுப்பு. இரைச்சலை விரட்டுவதில்லை, அது கூடவே வரும் வண்டியின் என்ஜின் ஒலியாகிவிடுகிறது. அஞ்ச வேண்டிய ஒலி என்ற முத்திரை கழன்றதுதான் எனக்குக் கிடைத்த பலன். ஒலியின் அளவு அப்படியேதான் இருக்கிறது.

நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், பராமரிப்பு என் கையிலேயே இருப்பதுதான். ஆறு அமர்வுகளுக்குப் பின் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கவில்லை, பேட்டரியும் தேவையில்லை. மலையிறங்கும் அந்த வழிகாட்டும் சொற்களை என் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பராமரிப்பு நாள்தோறும் 20 நிமிடம் கேட்கிறது. தீபாவளி வேலைகளில் மூன்று வாரம் விட்டேன். பழைய பதற்றம் திரும்பியது, மறுபடி பிடிக்க ஏறத்தாழ அதே அளவு நாட்கள் ஆயின. தினமும் உட்கார முடியாதவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் எட்டு மாதமே. நெடுங்காலத்துக்கு இது நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது. ஹிப்னோதெரபிக்குச் சிபிடி அளவுக்குப் பெரிய ஆய்வுத் துணையும் இல்லை. இரைச்சலையே ஒழித்துக் காட்டுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பதற்றம் பகல் முழுவதும் வேலையைக் கெடுப்பவராக இருந்தால், என் சாய்வை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிபிடியில் தொடங்குங்கள். என்னைப்போல் இரவில் மட்டும் மாட்டிக்கொள்பவருக்குத்தான் இந்த மலைப்பாதை.