குடல் புற்றுக்கு எந்த டெஸ்ட்? பாக்டீரியா கிட்டும் மோஷன் டெஸ்டும்

பெருங்குடல் புற்றுக்கான பரிசோதனையை 45 வயதிலேயே தொடங்கலாம் என்று 2021இல் அமெரிக்க வழிகாட்டுதல் மாறியது. அதற்கு முன்பு 50. நம்ம பக்கம் அரசு கூப்பிட்டுச் செய்யும் பரிசோதனைகளில் குடல் கிடையாது. 2023இல் ஈரோடு உட்பட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்திலும் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுதான். ஆக, செலவும் தேர்வும் நம்முடையது. நான் எடுத்தது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் ஃபிட் எனும் மோஷன் டெஸ்ட். கோவையில் இருக்கும் என் மச்சினன் எடுத்தது, மலத்தில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று பார்க்கும் குடல் பாக்டீரியா கிட். நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபிட்.

ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்று, புற்று இருப்பவர்களில் 83 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. ஆனால் குடலின் உள்சுவரில் வளரும் பாலிப் எனும் சதைக்கட்டிகளில், புற்றாக மாறக்கூடிய பெரியவற்றில் 13 சதவீதம்தான் அதன் கண்ணில் பட்டன. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

மச்சினன் கட்சிக்கு வருகிறேன். "ஏனுங் மாமா, ரத்தம் கசியற வரைக்கும் காத்திருக்கோணுமா? கிருமி முன்னாடியே காட்டிக் கொடுத்துருமுங்" என்பான். அதில் விஷயம் இருக்கிறது. பல் ஈறில் வாழும் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் குடல் கட்டிகளில் கூடுதலாக இருப்பதை 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பாக்டீரியா விட்டுச்செல்லும் ரசாயனங்களும் பேசுகின்றன. கொழுப்பு செரிக்கச் சுரக்கும் பித்தநீரில் உள்ள அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் டீஆக்சிகோலிக் அமிலமாக மாற்றும். 616 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வு 2019இல் வந்தது. பாலிப் கட்டத்திலும் புற்றின் ஆரம்பக் கட்டத்திலுமே அந்த அமிலம் கூடியிருந்தது. ஃபிட் சறுக்குவது இங்கேதான். பாலிப் பெரும்பாலும் ரத்தம் கசியவிடாது. ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃபிட் புற்றுகளில் 73.8 சதவீதத்தைப் பிடித்தது. ஆபத்தான பாலிப்களில் 23.8 சதவீதத்தைத்தான் பிடித்தது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஏன் ஃபிட்?

ஏனென்றால் அந்த 73.8 என்பது ஒரே ஒரு முறை செய்ததன் கணக்கு. குடல் புற்று பெரும்பாலும் பாலிப்பாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் எடுத்து வளர்வது. இந்த வருஷம் தப்பியது அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ கசியும், அப்போது மாட்டும். ஆகவே எந்த டெஸ்டைச் சலிக்காமல், கை கடிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஃபிட்டுக்குச் சில நூறு ரூபாய், பத்தியம் இல்லை, வீட்டிலேயே மாதிரி எடுத்துவிடலாம். ஸ்பெயினில் சுமார் 57,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஒரு தடவை கொலோனோஸ்கோப்பிக்கும் (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) இன்னொன்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட்டுக்கும் அழைத்தார்கள். 2025இல் வந்த முடிவுப்படி, 10 ஆண்டுகளில் குடல் புற்றால் இறந்தவர்கள் கொலோனோஸ்கோப்பி பிரிவில் 0.22 சதவீதம், ஃபிட் பிரிவில் 0.24 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். குழாய் விட்டுப் பார்க்கக் கூப்பிட்டால் வராதவர்கள் டப்பாவில் மாதிரி கொடுக்க வந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். நம்மூர் ஆட்களும் அப்படித்தான்.

பாக்டீரியா கிட்டை வருஷா வருஷம் வாங்கினால் ஒவ்வொரு முறையும் பல ஆயிரம். செலவை விடுங்கள், போன வருஷத்து அறிக்கையோடு இந்த வருஷத்ததை ஒப்பிட முடிகிறதா? காய்ச்சலுக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் போதும், உள்ளே இருக்கும் கூட்டமே மாறிவிடும். கம்மங்கூழும் கொள்ளுப் பருப்பும் சாப்பிடும் நம் குடலுக்கு ஜப்பான்காரர் அளவுகோல் எவ்வளவு பொருந்தும் என்பதும் சந்தேகம்தான். போபால் ஆய்வாளர்கள் 2019இல் 30 இந்திய நோயாளிகளையும் நலமாக இருந்த 30 பேரையும் ஒப்பிட்டபோது, ஃப்ளேவோனிஃப்ராக்டர் ப்ளௌட்டி என்ற வேறொரு பாக்டீரியா முன்னுக்கு வந்தது. அதே ஆண்டு பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து அலசியவர்கள், எல்லா நாட்டுக்கும் பொதுவான சில கிருமிகள் இருப்பதையும் காட்டினார்கள். ஆகவே இந்த வழி பொய் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு ஃபிட்டோடு சேர்த்து இதையும் பார்க்கும் ஒரு மலிவான டெஸ்ட் வந்தால் முதல் ஆளாகப் போவேன். இன்றைக்கு மச்சினன் கையில் இருக்கும் பல பக்க அறிக்கை என்ன சாப்பிடலாம் என்று விலாவாரியாகச் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் 'நோயறிதலுக்கு அல்ல' என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

கொலோனோஸ்கோப்பி பற்றி என் அனுபவம் பூஜ்யம். முந்தின நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பாடாய்ப் படுத்தும் என்கிறார்கள் செய்துகொண்டவர்கள். பாலிப்பைப் பார்த்த கையோடு எடுத்துவிடும் வசதி அதில் மட்டும்தான் உண்டு. மற்ற எந்த டெஸ்டில் பாசிட்டிவ் வந்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

ஃபிட் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். லேபில் வெறுமனே 'ஸ்டூல் அக்கல்ட் பிளட்' என்று கேட்டால் பழைய முறையில் செய்துவிடலாம். அதில் முந்தின நாள் சாப்பிட்ட மட்டனும் குழப்பும். மனித ரத்தத்தை மட்டும் பிடிக்கும் இம்யூனோ முறையா (ஃபிட் என்பது அதுதான்) என்று கேளுங்கள். அப்புறம், வெயில். ஃபிட் தேடுவது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை, சூட்டில் அது சிதையும். இத்தாலியிலேயே கோடையில் பாசிட்டிவ் குறைவதை 2010இல் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். மார்கழி, தை மாதக் காலையில் எடுத்து உடனே லேபில் கொடுப்பது என் வழக்கம்.

இவ்வளவும் தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு. பெற்றவர்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குடல் புற்று இருந்திருந்தால், அல்லது மலத்தில் ரத்தம் வந்து, மூலம்தான் என்று நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒப்பீடு உங்களுக்கானது இல்லை. நேரே குடல் மருத்துவரிடம் போய் கொலோனோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள்.