நல்ல தண்ணிக்கும் ஆர்ஓ வேண்டுமா? கோவை, சென்னை, தருமபுரி குழாய்த் தண்ணீர்

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் ஆர்ஓ (நுண்சவ்வு வழியாக உப்பை வடிக்கும் கருவி) மாட்டுவது வீண்செலவு. காட்டுக்குள் பாறை மேல் ஓடி வரும் மழைநீர் அது. கரைந்த உப்பு மிகக் குறைவு. சோப்பு உடனே நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டாது. கோவையில் பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகளுக்கும் இதே பேச்சுதான். மழைக்காலத்தில் கலங்கல் மட்டும் கூடும், அதற்கு கேண்டில் ஃபில்டர் போதும். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு; அதைக் காட்டும் மீட்டரில் எண் திடீரென்று ஏறினால் சம்ப்பில் போர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம். அதற்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது.

சென்னையில் 'மெட்ரோ வாட்டர்' என்பது ஒரே தண்ணீர் இல்லை. புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர், வீராணத்திலிருந்து வருவது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது என்று பகுதிக்குப் பகுதி மாறும். கடைசியாகச் சொன்னது ஏற்கெனவே ஆலையில் ஆர்ஓ மெம்பரேன் வழியாக வந்தது. அதை வீட்டில் இன்னொரு முறை ஆர்ஓவில் விட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவதைப் பார்த்தால் மனது கேட்கவில்லை.

சென்னையின் உண்மையான சிக்கல் உப்பு அல்ல, கடைசி நூறு அடிக் குழாய். தண்ணீர் விட்டுவிட்டு வருவதால் இடைநேரத்தில் குழாய் காலியாகிறது. விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். அதனால் முதல் சில நிமிடத் தண்ணீரைச் சம்ப்பில் விடாதீர்கள். நாற்றம் அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மெட்ரோ வாட்டரின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள்.

குளோரின் வாசனையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது கிருமிக்கு எதிரான காவல். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லாத சம்ப்புக்கு, 33 சதவீத பிளீச்சிங் பவுடரை 1000 லிட்டருக்கு 3 கிராம் எடுத்துத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி அரை மணி நேரம் விடவும். கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும். அந்தத் தண்ணீரை நாள்கணக்கில் சேமிக்கக் கூடாது. கிருமியைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கு கலங்கல் தண்ணீரில் வேலை செய்யாது, முன்னால் வண்டல் ஃபில்டர் கட்டாயம்.

தருமபுரியில்தான் கதை தலைகீழ். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. நாக்குக்கும் தெரியாது, டிடிஎஸ் மீட்டரும் அதைப் பிரித்துக் காட்டாது. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி, அளவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒகேனக்கல் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தொட்டியில் போர் தண்ணீரும் கலந்தால் பலன் குறையும். போர் தண்ணீரைத் தவிர வழியில்லாத வீட்டுக்கு ஆர்ஓ நியாயமான செலவு. வாங்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடியில் அல்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய மாவட்ட ஆய்வகத்தில் ஃப்ளோரைடு பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க எடுக்காதீர்கள்.