ஆக்லாந்து மாவோரி பிள்ளைங்களுக்கு எது: கோஹங்கா ரியோவா, சிட்டி மராயேவா?

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரி ஜனங்க வேலை தேடி ஆக்லாந்து, வெலிங்டன்னு வந்து செட்டில் ஆனாங்க, அடுத்த தலைமுறைக்குள்ளயே பல வீட்ல மாவோரி மொழி கைநழுவிப் போச்சு. அதைப் பிள்ளைங்ககிட்ட திரும்பக் கொண்டுவர ரெண்டு வழி இருக்கு.

கோஹங்கா ரியோங்கிறது மாவோரி மொழிலயே நடக்குற மழலையர் பள்ளி, 1982ல வெலிங்டன் பக்கம் வைனுயோமாட்டால ஆரம்பிச்சது. கைக்குழந்தையில இருந்து ஸ்கூல் போற வயசு வரைக்கும், பாட்டு, சாப்பாடு, டயப்பர் மாத்துறது, அடம்பிடிச்சா அதட்டுறதுன்னு எல்லாமே மாவோரி மொழிலதான். மொழின்னு பாத்தா இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பிள்ளைய விட்டுட்டு கிளம்பிடலாம்னு நினைக்காதீங்க, நடத்துறதே குடும்பங்கதான், மீட்டிங், கணக்கு வழக்குன்னு இழுத்துவிட்டுடுவாங்க, நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க பாடு திண்டாட்டம்தான்.

மராயே, அதாவது மாவோரி ஜனங்க ஒண்ணுகூடுற பொது இடம், வேற மாதிரி. தெற்கு ஆக்லாந்து மாங்கரேல தே புயா 1965ல திறந்தது, மேற்கு ஆக்லாந்துல ஹோவானி வைடிடி 1980ல. வாசல்ல பாட்டிங்க குரல் எடுத்து அழைச்சாதான் உள்ள நடக்கணும், பேச்செல்லாம் முடிஞ்சு மூக்கோட மூக்கு ஒட்டி வணக்கம், அப்புறம் எல்லாருக்கும் சாப்பாடு, தங்குனா செருப்பை வெளிய விட்டுட்டு ஒரே ஹால்ல வரிசையா மெத்தை. 2016ல வீடில்லாத குடும்பங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் தே புயாதான். ஆனா எப்பவாவது போய்ட்டு வந்தா மொழி ஒட்டாது.

என்னைக் கேட்டா அஞ்சு வயசுக்குள்ளன்னா கோஹங்கா, டீனேஜ் பிள்ளைன்னா மராயே. ரெண்டும் வேணும்னா ஹோவானி வைடிடி பக்கம் பாருங்க, மாவோரி மொழிலயே பாடம் நடத்துற முதல் குரா ஸ்கூல் 1985ல அங்கதான் வந்துச்சு.